அஞ்சு வருஷ அக்கா

அவர் என்னிடம் முதன்முதலில் சொன்னதே ஒரு தண்டனையைத்தான். ஐந்து வருடம் சிறை, கூடவே அபராதம்.

பாரிஸுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பெலில் ஒரு கொத்துரொட்டிக் கடையில் உட்கார்ந்து, என்னோடு படிக்கும் நண்பனுக்குப் புதுப் போனைக் காட்டி பந்தா விட்டுக்கொண்டிருந்தேன். பாதி விலைக்கு வாங்கிய போன். பெட்டி கிடையாது, ரசீது கிடையாது. "எவனோ யாரோட கார்டையோ வெச்சு வாங்குனதாம் மச்சான். நமக்கென்ன, போன் சூப்பரா ஓடுது," என்றேன்.

பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியிருப்பார். கருநீலக் கோட்டு, இறுக்கிப் போட்ட கொண்டை. எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அதுக்குப் பேர் ரெசெல். களவிலை வந்த சாமான் எண்டு தெரிஞ்சுகொண்டு வைச்சிருக்கிறது. அஞ்சு வருஷம். மூண்டு லெச்சத்து எழுவத்தையாயிரம் ஈரோ."

"யாருக்கு ஆன்ட்டி? திருடுனவனுக்கா?"

"அவனுக்கு மூண்டு வருஷம்தான். உமக்குத்தான் அஞ்சு."

தேநீரை முடித்துவிட்டுப் போய்விட்டார். கடைக்காரர் சிரிசிரி என்று சிரித்தார். "ஆரெண்டு தெரியேல்லையோ தம்பி? அவதான் அஞ்சு வருஷ அக்கா. நீதிமன்றத்திலை மொழிபெயர்க்கிறவ." அந்தத் தெருவில் யாருக்கும் அவர் பெயர் தேவைப்பட்டதில்லை என்பது பின்னால் தெரிந்தது. நானும் சொல்லப்போவதில்லை.

போனை அன்றே திருப்பிக் கொடுத்தேன் என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அது மணியடிக்கும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பேன். ஒரு மாதத்தில் நானே அதைத் தூக்கிப் போட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அறை தேடி அலைந்து அலைந்து கடைசியில் எனக்கு இடம் கிடைத்தது அவர் வீட்டில்தான். நாலாவது மாடி. ஜன்னலுக்கு நேரே இரும்புத் தூண்கள் மேல் மெட்ரோ ஓடும். ஒவ்வொரு வண்டிக்கும் அலமாரியில் கோப்பைகள் கிலுகிலுக்கும். வீட்டில் அவர் தனியாக இருந்தார். கணவர் உண்டா, பிள்ளைகள் உண்டா, எந்த வருஷம் வந்தார், ஒன்றும் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் அங்கே இருந்திருக்கிறேன், இன்றைக்கும் தெரியாது. கேட்டால் பதில் சொல்லியிருப்பார். கேட்ட கேள்விக்கு மட்டும், ஒரு சொல் கூடாமல் குறையாமல். அந்தப் பயத்திலேயே நான் கேட்கவில்லை.

அந்தக் கறார்த்தனத்தை நான் அனுபவித்த விதம் இருக்கிறதே. எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி கீழே இருந்தாள். எனக்கு வந்த பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அப்போது என் பிரெஞ்சு வகுப்பறைப் பிரெஞ்சு. கோபம் வந்தால் வாய்க்குள்ளேயே செத்துவிடும். அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

"என் பார்சலை ஏன் திருப்பி அனுப்புனாங்கன்னு கேளுங்கக்கா," என்றேன். பிறகு எனக்குள்ளேயே முனகுவதுபோல, "இந்தப் பொம்பளைக்கு வேற வேலவெட்டியே இல்ல போல," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அக்கா நிதானமாக, அழகான பிரெஞ்சில், இரண்டையும் மொழிபெயர்த்தார். கடைசி வாக்கியத்தையும். என் முனகலை முனகலாகவே, அதே தொனியில்.

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து நான் மாடிப்படியில் பதறினேன். "அக்கா! அதையேன் சொன்னீங்க?"

"நீர் மொழிபெயர்க்கச் சொன்னனீர். எதை விடுறது எண்டு சொல்லேல்லை."

"அது உங்ககிட்ட சொன்னதுக்கா!"

"அப்ப என்ரை காதுக்குள்ளை வந்து சொல்லியிருக்கவேணும்."

ஒரு மாதம் என் பார்சல்கள் எல்லாம் கடைசியாகத்தான் வந்தன.

அவருடைய வேலை என்னவென்று எனக்குப் புரிய நாளானது. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர் 'இவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாதாம். கூண்டில் நிற்பவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். நினைத்துப் பாருங்கள். அந்த ஊர்த் தமிழர்கள் செய்த அத்தனை தப்பையும் அக்கா தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் அந்தக் கிழவரின் அட்டையை எடுத்தேன், நான் ரகசிய எண்ணை எட்டிப் பார்த்தேன், நான் போலி அட்டை செய்தேன், நான் வருந்துகிறேன், நான் வருந்தவில்லை. ஒரு மனுஷி இத்தனை முறை குற்றவாளி ஆகிவிட்டு, மாலையில் வந்து புட்டு அவிப்பது எனக்கு அதிசயமாக இருந்தது. வந்ததும் முதல் காரியமாக உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார்.

"இன்னிக்கு எத்தன பேர கொள்ளையடிச்சீங்க அக்கா?" என்று வம்பிழுப்பேன்.

"வழக்கு வீட்டுக்கு வாறேல்லை," என்பார். அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் ஒரு வழக்கைப் பற்றியும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

ஆனால் சட்டத்தைக் கேட்டால் சொல்வார். அது எல்லாருக்கும் பொதுவானதாம். தெருவில் ஆட்கள் அவரை நிறுத்தி, காய்கறி விலை கேட்பதுபோலக் கேட்பார்கள். பையில் எப்போதும் ஒரு தடித்த சிவப்பு அட்டைச் சட்டப் புத்தகம் இருக்கும். அதை அவர் திறந்து நான் பார்த்ததில்லை. திறக்காமலே சட்டம் வரும்; கார்டு மட்டும் அவர் வாயில் 'காட்' ஆகிவிடும்.

"பாங்க் காட் களவு மூண்டு வருஷம். களவெடுத்த காட்டை வைச்சுச் சாமான் வாங்கினா ஏமாத்து, அது அஞ்சு. கள்ளக்காட் செய்தாலும் அஞ்சு. கள்ளக்காட் எண்டு தெரிஞ்சுகொண்டு கடைக்காரன் வாங்கிப் போட்டா அவனுக்கும் அஞ்சு. கூட்டமாச் சேர்ந்து செய்தாப் பத்து. அதோடை பத்து லெச்சம்."

"அக்கா, கூட்டமாச் செய்தா அந்தப் பத்தைப் பங்கு போடலாமோ?" என்று ஒருமுறை மீன்கடைக்காரர் கேட்டார்.

"ஆளுக்குப் பத்து."

கடை முழுக்கச் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. முடிக்கும்போது எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "இது ஆகக்கூடினது. நீதவான் குறைக்கலாம். நான் குறைக்கேலாது."

அந்தக் கடைசி வாக்கியத்தின் கனம் எனக்குத் தெரிந்த நாள் ஒன்று உண்டு. செவ்ரான் என்ற புறநகரிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் கார்டு கேஸில் மாட்டியிருந்தான், மறுநாள் விசாரணை. அக்காதான் மொழிபெயர்க்கப் போகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கதவைத் திறந்த என்னைத் தாண்டி உள்ளே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை பயத்திலை எல்லாத்துக்கும் 'ஓம் ஓம்' எண்டு சொல்லிப்போடுவான். நீங்கள் கொஞ்சம் பார்த்து, சுத்தி வளைச்சுச் சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே கேக்கிறன், அக்கா. நீங்களும் எங்கடை ஆக்கள்தானே."

அக்கா தரையில் அவருக்கு எதிரே தானும் உட்கார்ந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நான் வாய் மட்டுந்தான். அவர் 'ஓம்' எண்டால் நான் 'உய்' எண்டுதான் சொல்லுவன். 'இல்லை' எண்டால் 'நோன்' எண்டு சொல்லுவன். நான் ஒண்டை மாத்தினா, நாளைக்கு 'இல்லை' எண்டு உண்மையாச் சொல்லுறவனையும் ஒருத்தரும் நம்பமாட்டினம்."

அந்த அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தார். "உங்களுக்குப் பிள்ளை இல்லையே, அதுதான்," என்றார். அக்கா எழுந்து போய் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

பையன் 'ஓம்' என்று சொன்னான் போல. உள்ளே போனான். அதற்குப் பிறகு லா ஷப்பெலில் அந்த அம்மா அக்காவைக் கண்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். அக்கா ஒவ்வொரு முறையும் நின்று, அவர் கடந்து முடியும்வரை காத்திருந்து, பிறகுதான் நடப்பார். இவர் நல்லவரா, கல்நெஞ்சக்காரியா என்று அப்போது எனக்கு முடிவு கட்டத் தெரியவில்லை.

அப்புறம்தான் நான் என் கைங்கரியத்தைச் செய்தேன்.

இரண்டாம் வருஷம். என் பிரெஞ்சு இப்போது கெத்தாக இருந்தது. குறைந்தபட்சம் எனக்கு அப்படித் தோன்றியது. போலீஸில் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் கிடைக்காவிட்டால், நீதிமன்றப் பட்டியலில் இல்லாத ஆளையும் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டு உட்கார வைப்பார்கள். தெரிந்தவன் ஒருவன் போக முடியாமல் என்னைக் கைகாட்டிவிட்டான். தமிழ், பிரெஞ்சு, இதில் என்ன பெரிய வித்தை? போனேன். கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

எதிரில் இருந்தவர் நாற்பது வயதுக்காரர். லா ஷப்பெலில் ஒரு நகைக்கடையில் காசாளர். சார்செலில் வீடு, மனைவி, இரண்டு பெண்கள். நடந்தது இதுதான். ஒரு பிரெஞ்சு மூதாட்டி காலையில் அந்தக் கடைக்குச் சங்கிலிக் கொக்கியைச் சரிசெய்ய வந்திருக்கிறார். கார்டில் பணம் கட்டியிருக்கிறார். மாலைக்குள் யாரோ அதே கார்டை வைத்து நாலைந்து கடைகளில் சாமான் வாங்கிவிட்டார்கள். மூதாட்டியின் பையில் கார்டு இல்லை. கடைசியாக அது யார் கையில் இருந்தது என்று பார்த்தால், கடைக் கேமராவில் இவர் கையில்; திருப்பிக் கொடுப்பது படத்தில் விழவில்லை.

அதிகாரி கேட்டார்: அந்த அம்மாளின் கார்டை எடுத்தது யார்?

நான் கேட்டேன்: "அந்தம்மாவோட கார்ட எடுத்தது யாருண்ணா?"

அவர் தயங்கவே இல்லை. "நான்தான் அடிச்சனான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறாரே! நான் திருச்சிக்காரன். எங்கள் ஊரில் ஒருத்தன் 'பர்ஸை அடிச்சிட்டேன்' என்றால் திருடிவிட்டான் என்றுதான் அர்த்தம். நான் பிரெஞ்சில் சொன்னேன்: "அந்தக் கார்டைத் திருடியது நான்தான்."

அதிகாரி தட்டச்சு செய்தார். எழுதியதை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லி, பிறகு கையெழுத்து வாங்க வேண்டும், அதுதான் முறை. எனக்கு அன்று பல்கலைக்கழகத்தில் ஒரு செய்முறை வகுப்பு இருந்தது. "நீங்க சொன்னதத்தான் அண்ணா டைப் பண்ணியிருக்காங்க. எல்லாம் கரெக்டா இருக்கு. இங்க சைன் பண்ணுங்க," என்றேன்.

"ஓம் தம்பி. நன்றி," என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார். எனக்கு நன்றி வேறு.

அவரை ஆறு வாரம் உள்ளே வைத்துவிட்டார்கள். விசாரணைத் தேதி எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் வேலை மெனக்கெட்டுக் கிளம்பிப் போனேன். ஏன் போனேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: என் பெயர் இருக்கும் கோப்பை நீதிபதி வாசிப்பதைக் கேட்கலாம் என்று. 'இது நம்ம கேஸு' என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். மொழிபெயர்ப்பாளர் இருக்கையில் அக்காவைப் பார்த்ததும் இன்னும் குஷி. பார்வையாளர் வரிசையில் பின்னால் உட்கார்ந்து கையசைத்தேன். என்னைப் பார்த்தார். பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இளைத்திருந்தார். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவருடைய மனைவி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி.

நடுவில் இருந்த நீதிபதி கோப்பிலிருந்து வாசித்தார். அக்கா கண்ணாடிப் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்: "'அந்தக் காட்டைக் களவெடுத்தது நான்தான்' எண்டு நீங்கள் பொலிசிலை சொல்லியிருக்கிறீங்கள்."

அவர் கண்ணாடியில் கையை வைத்தார். "என்ன? நான் எப்பவம்மா அப்பிடிச் சொன்னனான்? கடவுளாணை நான் சொல்லேல்லை. நான் காட்டை அடிச்சனான் எண்டுதானே சொன்னனான்!"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. அந்த மௌனத்தில்தான் அந்தச் சொல் எனக்கு முதன்முதலாகச் சரியாகக் கேட்டது. கடையில் பில் அடிப்பது. கார்டை மெஷினில் அடிப்பது. நாங்கள் கார்டைத் தேய்ப்போம், இவர்கள் அடிப்பார்கள். இரண்டு வருஷம் அந்தத் தெருவில் நின்று 'காட் அடிக்கவோ, காசோ தம்பி?' என்ற கேள்விக்கு நானே ஆயிரம் தடவை தலையாட்டியிருக்கிறேன்.

அக்கா நீதிபதியிடம் திரும்பினார். அந்தப் பிரெஞ்சு எனக்கு இன்னும் மனப்பாடம். தமிழில் இப்படி வரும்: "நீதிபதி அவர்களே, இவர் ஒரு வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறார். அதற்கு ஒருவரைத் தாக்குவது என்று பொருள் உண்டு. திருடுவது என்றும் உண்டு. அச்சிடுவது, அதாவது போலியாகச் செய்வது என்றும் உண்டு. கடையில் அட்டையை இயந்திரத்தில் இட்டுப் பணம் பெறுவது என்றும் உண்டு. நான் தேர்ந்தெடுத்தால் இவருக்குப் பதில் நான் வாக்குமூலம் கொடுத்தவளாவேன். எதைச் சொல்கிறார் என்று இவரையே கேட்க அனுமதி வேண்டும்."

ஒற்றை வினைச்சொல். அதற்குள் மூன்று வருஷம் இருந்தது, ஐந்து வருஷம் இருந்தது, ஒன்றுமே இல்லாமலும் இருந்தது. நான் அதிலிருந்து மூன்றை எடுத்து ஒரு மனுஷன் தலையில் வைத்திருக்கிறேன்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். இளம் பெண். உதட்டைச் சுழித்துக்கொண்டு, "நல்ல வசதியான சொல்தான். மொழிபெயர்ப்பாளர் அம்மையார் வழக்கறிஞர் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறாரோ என்னவோ," என்றார். அறையில் லேசான சிரிப்பு.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடிப் பக்கம் திரும்பி, அதே குரலில், கூண்டில் நின்றவருக்குத் தமிழில் சொன்னார்: "நல்ல வசதியான சொல் எண்டு அரசாங்க வழக்கறிஞர் சொல்லுறா. மொழிபெயர்க்கிற பொம்பிளை வழக்கறிஞர் வேலையும் சேர்த்துப் பார்க்கிறாவோ எண்டும் கேக்கிறா." தன்னைக் குத்திய ஊசியையும் ஒரு நூல் குறையாமல் அவரிடம் சேர்த்துவிட்டார். அங்கே பேசப்படும் எதுவும் கூண்டில் நிற்பவருக்குத் தெரியாமல் போகக்கூடாது. அவ்வளவுதான் அக்காவுக்குத் தெரிந்தது. நீதிபதி தமிழ் அறியாதவர். ஆனாலும் அக்கா செய்தது அவருக்குப் புரிந்தது. பேனாவை வைத்துவிட்டு, "கேளுங்கள்," என்றார்.

"ஐயா, 'அடிச்சனான்' எண்டு என்னத்தைச் சொல்லுறீங்கள்? நீங்கள் என்ன செய்தனீங்கள் எண்டு வேறை சொல்லிலை சொல்லுங்கோ."

"காட்டை மிசினுக்குள்ளை போட்டன். அம்மா நம்பரை அமத்தினவ. கடதாசி வந்தது. காட்டையும் கடதாசியையும் சேர்த்து அவவின்ரை கையிலை குடுத்தன். போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. அவ்வளவுதான், அக்கா."

அக்கா மொழிபெயர்த்தார். 'அக்கா' என்பதையும் விடவில்லை.

நீதிபதி அக்காவைக் கேட்டார்: அப்படியானால் போலீஸில் மொழிபெயர்த்தவர் தவறு செய்துவிட்டார் என்கிறீர்களா?

அக்காவுக்கு நான் யாரென்று தெரியும். கோப்பில் என் பெயர் இருக்கிறது. நான் பதினைந்து அடி தூரத்தில் இருக்கிறேன். விரலை நீட்டினால் போதும்.

"அது எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா என்று கூண்டில் நின்றவரைக் கேட்டார்கள். "இல்லை. எல்லாம் சரியா இருக்குது எண்டு அந்தத் தம்பி சொன்னவர். நல்ல பிள்ளை. நம்பிக் கையெழுத்து வைச்சனான்." அதையும் அக்கா சொன்னார். 'நல்ல பிள்ளை' என்பதையும் சொன்னார். நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். 'அந்தப் பிள்ளை நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் மேடை ஏறிப் பேசுகிற நான், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீதிபதிகள் உள்ளே போய்த் திரும்பி வந்தார்கள். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. அக்கா அதைத் தமிழில் சொன்னபோது அவர் கண்ணாடிக்குள் அப்படியே குந்திவிட்டார். மனைவியின் கைப்பை கீழே விழுந்து சில்லறை உருண்டது. ஒரு நாணயம் என் ஷூவில் வந்து முட்டியது. அதை எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. வெளியேறிவிட்டேன்.

மாலையில் அக்கா வந்தார். உப்புத் தண்ணீர். கொப்பளித்து முடிக்கும்வரை சமையலறை வாசலில் நின்றேன்.

"சாரிக்கா."

துண்டால் வாயைத் துடைத்தார். "எனக்கேன் சொல்லுறீர்? நான் ஜெயிலுக்குள்ளை இருக்கேல்லையே."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு வழக்கம்போலவே இருந்தார். பால் முடிஞ்சுது, ஜன்னலைச் சாத்தும், கடிதம் வந்திருக்கு. அதுதான் மிகப் பெரிய தண்டனையாக இருந்தது. சிவப்புப் புத்தகத்தில் அதற்கு எண் இருக்குமா என்று தெரியவில்லை.

ஞாயிறு காலை வாசல் மணி அடித்தது. என் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. அக்கா வாசலைத் திறந்ததும் அந்தக் குரலைக் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல். மனைவியும் வந்திருந்தார், கையில் பட்டுப்புடவை போட்ட பை.

"அக்கா, நீங்கள் இல்லாட்டில் என்ரை மனிசன் இப்பவும் உள்ளுக்கைதான். வேலையும் போய், இந்த முறை பத்து வருஷ விசாக் காட்டும் மாத்தித் தந்திருக்கமாட்டாங்கள். பிள்ளையளோடை நான் எங்கை போறது? இதை நீங்கள் வாங்கத்தான் வேணும்."

"வேண்டாம் தங்கச்சி. நான் உங்களுக்கு உதவி செய்யேல்லை."

"என்னக்கா இப்பிடிச் சொல்லுறீங்கள்!"

"உங்கடை மனிசன் 'களவெடுத்தனான்' எண்டு சொல்லியிருந்தா அதையும் அப்பிடியே சொல்லியிருப்பன். அப்ப நீங்கள் சீலையோடை வந்திருப்பீங்களோ?"

மெட்ரோ ஒன்று கடந்தது, கோப்பைகள் கிலுகிலுத்தன. பிறகு அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, பொலிசிலை எனக்கு மொழிபெயர்த்த தம்பியை உங்களுக்குத் தெரியுமோ?"

கட்டிலில் உட்கார்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டேன். தெரியாது என்று சொல்லிவிடுவார். ஒரு சொல்தானே. இந்த ஒரு தடவை.

"தெரியும்," என்றார் அக்கா.

"ஆர் அது?"

"அதை நான் சொல்லேலாது. அவர்தான் சொல்லவேணும்."

அக்கா என் அறைப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். யாரும் கூப்பிடாததால்தான் எழுந்து வந்தேன்.

அந்த மனிதர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மனைவி அவர் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். வாய் உளறியது. வேகமாக, என் ஊர்த் தமிழில், பாதி சொற்களை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: "அண்ணா, அது வந்து, ஒரு தப்பு நடந்துபோச்சுண்ணா."

அவருக்குப் பிடிபடவில்லை. அக்காவைப் பார்த்தார். "என்னவாம்?"

அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். நீதிமன்றத்தில் நின்ற அதே நிற்பு. அதே குரல்.

"'ஒரு பிழை நடந்துபோட்டுது' எண்டு சொல்லுறார். ஆர் விட்ட பிழை எண்டு அவர் சொல்லேல்லை."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்.

"நான்தான் விட்டேன்," என்றேன். "அடிச்சனான்னா என்னன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லவும் இல்ல. உங்களுக்குப் படிச்சுக் காட்டவும் இல்ல."

அக்கா ஒரு சொல்லையும் விடவில்லை. அந்த மனிதரை நேராகப் பார்த்து, கூண்டில் நிற்பவருக்குச் செய்வதுபோல 'நான்' என்றே, தன் வாயால் சொன்னார்:

"நான்தான் விட்டனான்."